எனக்கு ஜாக்கி விற்ற பாஷா பாய்

பாஷா பாய் இறந்துவிட்டார். இன்று விடியற்காலை, தருமபுரியில், அவர் மகன் வீட்டில்.

மகன் போனில் சொன்னபோது சரி, சரி என்று மட்டும் சொன்னேன். போனை வைத்துவிட்டு அரிசியைக் களைந்தேன். களைந்த அரிசியையே மறுபடியும் களைந்துகொண்டிருந்தேன். அழுகை வரவில்லை... இன்னும் வரவில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பாய் தருமபுரியில் மோட்டார் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தவர். எழுபதுகளில் நாங்கள் கடத்தூரில் இருந்தோம். எங்கள் வீட்டுக்காரர் ஒரு பழைய அம்பாசிடர் வாங்கி வாடகைக்கு ஓட்டினார். ரிப்பேர் எல்லாம் வீட்டு வாசலில்தான், அவரே பார்த்துக்கொள்வார்.

ஒரு நாள் காரைத் தூக்கி நிறுத்தியிருந்த பழைய திருகு ஜாக்கி மண்ணில் சாய்ந்துவிட்டது. கார் இறங்கி, அவர் கால் அடியில் மாட்டிக்கொண்டது.

வீட்டில் நான் மட்டும். ஜாக்கியை நிமிர்த்தித் திருகிப் பார்த்தேன், அசையவில்லை. பம்பரைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். பிறகு மாதாவே, மாதாவே என்று ரோட்டுக்கு ஓடி ஆட்களைக் கூட்டி வந்தேன். எலும்பு முறிந்ததோடு போயிற்று.

கட்டுப் பிரித்த வாரமே கார் அடியில் படுக்கச் சாக்கை விரித்தார். நல்ல ஜாக்கி வரும்வரை விடமாட்டேன் என்று சாவியை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டேன். வீட்டுக் கணக்கு என் கையில் இருந்தது. அதனால் கடைக்கும் கூடவே போனேன்.

பாய் கடையில் இவர் நேராகப் போய்க் கை வைத்தது, சக்கரம் வைத்துத் தள்ளுகிற பெரிய ஜாக்கியில். லாரியையே தூக்கும் என்றார்.

"உங்க வூட்ல லாரி இருக்குதுங்களா?" என்று கேட்டார் பாய்.

கால் ஏன் நொண்டுகிறது என்றும் கேட்டார். இவர் சொல்லவில்லை, நான் சொன்னேன். பாய் முழுதும் கேட்டுவிட்டு, அந்தப் பெரிய ஜாக்கியின் கைப்பிடியை என் பக்கம் திருப்பினார்.

"தங்கச்சி, நீங்க அமுத்திப் பாருங்க. அவரு அடியில படுத்திருக்கறப்ப மேல நிக்கறது நீங்கதானுங்களே."

எனக்கு ஒரே கூச்சம். மோட்டார் கடைக்குள் நான் கால் வைத்ததே அன்றுதான். உடம்பு பாரம் முழுவதும் போட்டும் அந்தக் கைப்பிடி இறங்கவில்லை.

பாட்டில் மாதிரி நிற்கும் ஜாக்கி சுலபமாக இறங்கியது. ஆனால் பாயே அதை ஒதுக்கி வைத்தார். டயர் பஞ்சராகிக் கார் தாழ்ந்தால் அடியில் அது நுழையாதாம். அடிப்பாகமும் சிறுசு, மண்ணில் மறுபடி சாயும்.

கடைசியில், சக்கரம் வைத்ததிலேயே சின்ன ஜாக்கி. கடை வாசலில் நின்ற யாரோ ஒருவருடைய காருக்கு அடியில் தள்ளிவிட்டு அமுத்தச் சொன்னார். கார் எழும்பியது... நான்தான் எழுப்பினேன்.

பெல்ட் வாங்க வந்த லாரி டிரைவர் ஒருவர், "பாய் கடையில இனிமே வளையலும் கெடைக்கும் போல" என்றார்.

"உனக்கு வேணும்னா நீயும் உங்க வூட்டம்மாவ கூட்டியா" என்றார் பாய்.

இவருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஊரில் சிரிப்பார்கள், வா போகலாம் என்று சொல்லிவிட்டு ரோட்டுக்கு எதிர்ப் பக்கம் போய் நின்றுகொண்டார். நான் கைப்பிடியை விடவில்லை. விட்டால் அந்தப் பெரிய ஜாக்கிதான் வீட்டுக்கு வரும், இல்லையென்றால் எதுவுமே வராது. அவர் எப்படியும் கார் அடியில் படுக்கத்தான் போகிறார்.

பாய் அவரைக் கூப்பிடவில்லை. என்னிடம்தான் சொன்னார்.

"ஏத்துனது போதும்ங்க. இப்ப எறக்குங்க. மெதுவா... அடியில அவரு இருக்கறாருன்னு நெனச்சுக்குங்க."

முதல் தடவை கார் தொப்பென்று விழுந்தது. மறுபடி ஏற்றச் சொன்னார். மறுபடி இறக்கச் சொன்னார்.

எப்போது ரோட்டைத் தாண்டி வந்தார் என்று தெரியாது. பக்கத்தில் குந்தி, டயருக்கும் தரைக்கும் நடுவில் இருந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தார் எங்கள் வீட்டுக்காரர். "இன்னங் கொஞ்சம் மெதுவா விடு" என்றார்.

ரசீதுக்குப் பாய் என் பெயரைக் கேட்டார். ஒரு கடையில் என் பெயரை நானே சொன்னது அதுதான் முதல் தடவை.

பிறகு ஒரு நாள், கடத்தூருக்கு வேறு வேலையாக வந்த பாய் எங்கள் வீட்டுக்கும் வந்தார். ஜாக்கியின் சக்கரம் நன்றாக ஓடட்டும் என்று வாசலை நான் சாணி போட்டு வழவழவென்று மெழுகி வைத்திருந்தேன். பெருமையாகக் காட்டினேன்.

பாய் குதிகாலால் அழுத்தினார். குழி விழுந்தது. "மெழுகுனா மண்ணு கெட்டியாயிருமுங்களா தங்கச்சி?" என்று சிரித்தார். கார் எழும்ப எழும்ப இந்த ஜாக்கி கொஞ்சம் நகர்ந்து கொடுக்க வேண்டும், சக்கரம் புதைந்தால் கார் நழுவிவிடும் என்று விளக்கினார். இவரைக் கூட்டிப் போய்ப் பலகைக்கல் பார்த்து வாங்கி, வாசல் தரையில் போடும்வரை கூடவே நின்றார்.

நான் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். நோன்பு மாதம் என்பது எனக்கு உறைக்கவே இல்லை, அவரும் சொல்லவில்லை. பொழுது இறங்கி, பள்ளிவாசலில் பாங்கு சொன்ன பிறகு அந்த ஆறிப்போன காபியைக் குடித்தார். சூடாக வேறு தருகிறேன் என்றேன். இதுவே நல்லா இருக்குது என்றார்.

அதற்குப் பிறகு இவர் கார் அடியில் போகும்போதெல்லாம் நான் கைப்பிடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்வேன். கார் இருந்தவரைக்கும் அப்படித்தான். ஒன்றும் ஆகவில்லை.

இவரிடம் இப்போதுதான் விஷயத்தைச் சொன்னேன். எப்போது எடுக்கிறார்கள் என்று கேட்டார். சாயங்காலத் தொழுகைக்கு முன்னால் என்றேன். வெள்ளைச் சட்டை எங்கே என்றார்.

சட்டையைத் தேய்த்து வைத்துவிட்டேன். வண்டிக்குச் சொல்லியிருக்கிறது.

இருங்க பாய்... வந்துகிட்டே இருக்கறோம்.