இரண்டு கட்டங்களும் என் கையெழுத்தும்

ஈப்போவில் நான் வசிக்கும் தாமான் குடியிருப்பில் ஆங்கிலத்தில் நிரப்பவேண்டிய பாரம் எதுவானாலும் என்னிடம்தான் வரும். முப்பது ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவன் நான். என் கையெழுத்துக்கு ஒரு மதிப்பு உண்டு. அதைக் கண்ட இடத்தில் இடுவதில்லை.

சென்ற ஆண்டு, ஜெலாப்பாங் தொழிற்சாலையில் வேலை செய்யும் பின்வரிசை வீட்டுப் பெண், தம் ஆறு வயது மகளுடன் தத்துப் பதிவுப் பாரம் ஒன்றைக் கொண்டுவந்தார். 'பயாலஜிக்கல் மதர்', 'ஃபோஸ்டர் மதர்' என்ற இரண்டு கட்டங்களுக்கும் பொருள் கேட்டார். பெற்ற தாய், வளர்ப்புத் தாய் என்றேன். அவர் விரல் இரண்டாவது கட்டத்தில் நின்றது.

அச்சிறுமியை அவர் பெற்ற மகளென்றே நாங்கள் அனைவரும் எண்ணியிருந்தோம். குழந்தை விற்கும் கும்பல்களைப் பற்றி நாளேடுகளில் படித்தவன் நான். அப்படியானால் இவளைப் பெற்றது யார் என்று உரக்கவே கேட்டேன். சுங்காய்ப் பக்கத்துத் தோட்டத்திலுள்ள தம் அக்காள் பெற்ற ஐந்தாவது பெண், பிறந்து முப்பதாம் நாள் கழிந்ததும் தூக்கிக் கொடுத்துவிட்டார் என்றார். எழுத்து ஏதும் இல்லை. தோட்டத்தில் உடன்பிறந்தாருக்குள் எழுதிக்கொள்வதும் இல்லை. ஆனால் அடுத்த ஆண்டு பள்ளியில் சேர்க்கத் தாயென்று நிற்க இவருக்குப் பதிவு வேண்டும்; பதிவுக்கு என் சாட்சிக் கையெழுத்து வேண்டும்.

தொலைபேசியில் அக்காளைப் பேசவைத்தார். யார் வேண்டுமானாலும் அக்காளாகப் பேசலாம். மறுவாரம் பஸ் ஏறிச் சுங்காய்க்கே போனேன். ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட தோட்டத்தின் பழைய லயத்து வீடொன்றில் அவர் இருந்தார். சிறுமியின் முகச்சாயல் பொருந்தியது. ஆயினும் குழந்தையைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூட விசாரிக்கவில்லை. அதுவும் எனக்கு நெருடியது; காரணம் கேட்டேன்.

"கேட்டா பாக்கணும்னு தோணும் சார். பாத்தா கூட்டியாரணும்னு தோணும். சீக்கிரம் சைன் போட்டுக் குடுத்துருங்கலா."

திரும்பிவந்ததும் கையெழுத்திட்டேன். வாங்கவந்த தங்கை நன்றி சொல்லவில்லை.

"அன்னிக்கிலேருந்து பாப்பா கேக்குது சார், பெத்த தாய்னா என்னன்னு. நீங்கதான வாத்தியாரு, நான் என்னா சொல்லட்டும்?"

பாரத்தை உறையிலிட்டு நீட்டினேன். விசாரித்தது தவறென்று இன்றும் நான் கருதவில்லை. குழந்தையை வெளியே அனுப்பிவிட்டு விசாரித்திருக்கலாம்.