மேலே இருந்த பிளாப்பி

தருமபுரியில் அந்த ஆபீசின் ஏசி ரூமுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய், எல்லாருக்கும் அவரவர் பெயரில் கம்ப்யூட்டரில் மெயில் அனுப்பித் தரத் தெரிந்த ஒரே ஆளாக இரண்டு வருஷம் இருந்தவள் அமீருன்னிசா. எண்பத்தொன்பதில் புது மிஷின் வந்தது. அதைக் கற்றுக்கொள்ள மெட்ராசுக்கு அனுப்பியதோ நேற்று வேலைக்குச் சேர்ந்த பாக்கியமேரியை! அமீருன்னிசாவுக்கு வயிறு பற்றி எரிந்தது.

பழைய மிஷினை லாரியில் ஏற்றுமுன், எல்லாருடைய மெயில் ஃபோல்டர்களையும் பாக்கியமேரி எட்டு பிளாப்பிகளில் எடுத்து அடுக்கியிருந்தாள். லாரி கிளம்பிப் போனதும் அவள் டீ குடிக்கப் போனாள். அமீருன்னிசா மேலே இருந்த பிளாப்பியை உருவித் தன் டிபன் பைக்குள் போட்டுக்கொண்டாள். அதில் என்ன இருக்கிறதென்றுகூடப் பார்க்கவில்லை. நாளைக்கு எல்லார் முன்னாலும் முழிக்கட்டும், மெட்ராசு மகாராணி!

மறுநாள் மகாராணி முழிக்கவில்லை. செட்டிங் எல்லாம் சரியாக உட்கார்ந்தது. ஃபோல்டர்கள் ஒவ்வொருவர் பெயரிலும் திரையில் வரிசையாக வந்து நின்றன. ஆபீசரே கைதட்டினார். அமீருன்னிசாவும் தட்ட வேண்டியதாயிற்று.

கூட்டம் கலைந்ததும் பாக்கியமேரி கண்கலங்கி அவளிடம் வந்தாள்.

“எல்லாரோடதும் வந்துருச்சுங்கக்கா. உங்களுது மட்டும் காணலைங்க. ரெண்டு வருச வேலையாச்சே, பத்திரமா இருக்கட்டும்னு தனி பிளாப்பியில எடுத்து மேலயே வெச்சிருந்தேன். மன்னிச்சிருங்கக்கா.”

அமீருன்னிசா டிபன் பையைக் காலால் மேசைக்கடியில் தள்ளினாள்.

“போனாப் போகுது, விடும்மா.”

இவள் நல்லவளாகவும் இருந்து தொலைக்க வேண்டுமா? அவளுக்கு வயிறு இன்னும் எரிந்தது.