டவர்க் குஞ்சும் திருவிழா வெடியும்

எங்கள் ஊருக்குக் கைத்தொலைபேசி டவர் வந்த இரண்டாம் வருடம் அதன் உச்சியில் ஒரு சோடிக் கடற்பருந்து கூடு கட்டியது. அதனால் ஊரில் வேறு எவருக்கும் ஒரு தொல்லையும் வரவில்லை. எனக்கு மட்டும் வந்தது. அப்போது நான் ஐந்தாம் வகுப்பு.

பறவைகளைக் கணக்கெடுக்கும் ஒரு சங்கத்தார் கொழும்பிலிருந்து வந்து, கூட்டைக் கவனிக்கச் சம்பளமில்லாமல் ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். சம்பளமில்லை என்றதும் கூடி நின்றவர்களுக்கு வேறு வேலைகள் ஞாபகம் வந்துவிட்டன. அப்பா மட்டும் நின்றார். இரவெல்லாம் கடலில் கிடந்துவிட்டு வந்த மனிதர், கழுத்தில் தொலைநோக்கியும் கையில் கொப்பியுமாக வீட்டுக்கு வந்தார். அவருடைய கையெழுத்து அவருக்கே விளங்காது என்பதால் எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது.

விதி இரண்டுதான். கண்ணால் கண்டதை மட்டும் எழுத வேண்டும். குஞ்சு தானாகப் பறக்க வேண்டும், யாரும் வெருட்டக்கூடாது. அது முதன்முதல் கூட்டைவிட்டுப் பறக்கும் நாளை எழுதுவதற்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு பெட்டி அடித்திருந்தார்கள். அந்தப் பெட்டிமேல் அப்பாவுக்கு இருந்த ஆசையில் பாதி எனக்குப் புலமைப்பரிசில் சோதனைமேல் இருந்திருந்தால், அம்மா கோயிலில் நேர்த்தி வைத்திருக்கவே தேவையில்லை.

குஞ்சோ தாயின் அளவுக்கு வளர்ந்துவிட்டது. கூட்டின் விளிம்பில் வந்து நிற்கும். இறக்கையை விரித்து அடிஅடியென்று அடிக்கும். ஒரு முழம் எழும்பும். அப்பா மூச்சைப் பிடிப்பார். அது திரும்பவும் அதே இடத்தில் குந்திக்கொண்டு தாய் கொண்டுவரும் மீனுக்குக் கத்தும். 'இன்றும் பறக்கவில்லை' என்று காலையில் ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம் எழுதுவேன். பதினெட்டு நாள் எழுதினேன். விரல் நொந்ததைவிட அந்தச் சோம்பேறிக்காக நொந்தது என்பதுதான் எனக்கு எரிச்சல்.

வலை தூக்கிக்கொண்டு போகிறவர்கள் நின்று கேட்பார்கள்: "என்ன, உங்கட மகன் இன்னும் வெளிக்கிடேல்லையோ?"

பகிடி என்று கூடத் தெரியாமல், காற்றுச் சரியில்லை என்று அப்பா விளக்கம் சொல்லுவார்.

இதற்குள் கோயில் திருவிழா வந்தது. புனிதரின் சுருபத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றி வரும்போது டவருக்கு முன்னாலுள்ள வெட்டைவெளியில்தான் வழக்கமாகச் சரவெடி கொளுத்துவார்கள். அப்பா திருவிழாக் குழுவிடம் போய், இந்த ஒரு வருடம் இடத்தை மாற்றச் சொல்லிக் கேட்டார். எல்லோரும் சிரித்து முடிந்தபிறகு குழுத் தலைவர் சொன்னார்: "சுருபம் தூக்க ஒரு தோள் குறையுது. நீ வாறதெண்டால் வெடியைக் கடற்கரையில கொளுத்திறம்."

அப்பா உடனே சம்மதித்தார். சுருபத்துக்குக் கீழே நிற்கிறவர் டவருக்குக் கீழேயும் நிற்க முடியாது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. அதற்கும் வழியாக நான் இருந்தேன்.

"நீ இருந்து பார், பிள்ளை. சுருபத்தை இறக்கின உடன ஓடி வாறன்."

புதுச் சட்டை போட்டு, தலையில் பூ வைத்து, திருவிழா அன்று பின்னேரம் ஊரே பூசைக்குப் போய்விட்ட பிறகு, நான் தனியே ஒரு பருந்துக்குக் காவல் இருந்தேன். பாண்ட் வாத்தியம் கேட்டது. என் வயதுப் பிள்ளைகள் எல்லோரும் கொடி பிடித்துக்கொண்டு போவார்கள். மேலே அது வழக்கம்போல இறக்கையை அடித்துவிட்டுக் குந்தியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையில் மச்சானிடம் பறித்த ஒரு பெரிய வெடியும் குசினியில் எடுத்த நெருப்புப்பெட்டியும் என்னிடம் இருந்தன. வெடியை மண்ணில் வைத்துத் திரியைக் கொளுத்தினேன்.

வெடித்தது. குஞ்சு கூட்டிலிருந்து துணி விழுவதுபோல விழுந்தது. செத்தது என்றுதான் நினைத்தேன். டவரின் பாதி உயரத்தில் அதன் இறக்கை திடீரென்று முழுதாக விரிந்தது. பனைகளுக்கு மேலால் எழும்பி, மஞ்சள் வெயிலில் ஒரு வட்டம் போட்டு, இறக்கையை அடிக்காமலே கடல்பக்கம் போனது. நான் வாயைத் திறந்தபடி நின்றேன்.

வெடி தவறான திசையில் கேட்டது அப்பாவுக்கு விளங்கியிருக்கும். ஆனால் தோளில் இருப்பவரை வீதியில் வைத்துவிட்டு வர முடியாதே. பொழுதுபட, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். வெறுங் கூட்டைப் பார்த்தார். "தானாத்தான் பறந்தது அப்பா" என்றேன். என் காலடியில் கிடந்த சிவப்புக் கடதாசித் துண்டுகளைப் பார்த்தார். பிறகு கடைசிப் பக்கத்தை விரித்துத் தந்தார்.

"எழுது. வெடிச் சத்தத்துக்குப் பறந்தது. மகள் கண்டவள்."

ஒருவருக்கும் தெரியவராது என்று அழுதேன். அவர் பேனாவை நீட்டிக்கொண்டே நின்றார். எழுதினேன். பிறகு வந்த சங்கத்தார் அந்தப் பெட்டிக்குக் குறுக்கே ஒரு கோடு கீறி, இந்தக் கூடு கணக்கில் சேராது என்றார்கள்.

அன்றைக்கு வீடு திரும்பும் வழியில் அப்பா என்னை அடிக்கவில்லை, ஏசவில்லை. "எப்பிடிப் பறந்தது?" என்று மட்டும் கேட்டார். கொஞ்சத் தூரம் போய்த் திரும்பக் கேட்டார். வீட்டு வாசல் படலையடியில் மூன்றாம் தரமும் கேட்டார். எனக்கு அது விசாரணையாகப்பட்டது. பதினெட்டு நாள் அண்ணாந்து பார்த்த ஒருவர், தான் காணாமல் விட்டதை என் வாயால் காணப் பார்க்கிறார் என்று எனக்கு அன்று விளங்கவில்லை. மூன்று தரமும் "பறந்தது" என்று மட்டும் சொல்லிவிட்டு, சாப்பிட உள்ளே போய்விட்டேன்.