பதியக்கூடாத சத்தம்

பள்ளிவாசல் மினாராவிலிருந்து கழற்றிய சாம்பல்நிற ஹோர்ன் ஸ்பீக்கரை மச்சான் மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு வந்து இறங்கிய பகல்பொழுது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. உப்புக்காற்று அதன் விளிம்பைத் தின்றிருந்தது. பள்ளிக்குப் புதிய ஸ்பீக்கர் பூட்டியதும் பழையதைக் கேட்டு வாங்கியிருந்தார். "இனி இதுக்கு நாமதான் கதைக்கப் பழக்கணும்" என்றார். மச்சான் என்றால் என் ராத்தாவின், மூத்த சகோதரியின், மாப்பிள்ளை. எங்கள் பக்கத்து வழக்கப்படி உம்மாவின் வீடு ராத்தாவுக்குச் சீதனமாகப் போனது. மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறினார். கல்யாணமாகாத தம்பியாக நானும் அதே வீட்டில்தான் கிடந்தேன். அவருக்குக் கல்முனையில் ரேடியோ திருத்தும் கடை. நான் ஒரு மருந்துக்கடையில் வேலைக்கு நின்றேன்.

நாங்கள் இருவரும் செய்ததை இசை என்று சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். ஆகவே இரைச்சல் என்றே சொல்லிக்கொண்டோம். ஒலுவில் துறைமுகத்தில் படகுக்காரர்கள் கழித்துவிட்ட வோக்கிடோக்கிகள், நெல் தூற்றும் பெரிய மின்விசிறி, திறந்தால் பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டைகளுக்குள் இருக்கும் சின்ன வட்டத் தகடு, இவைதாம் எங்கள் வாத்தியங்கள். அந்தத் தகட்டில் வயர் பற்றவைத்தால் அதுவே மைக். அதை இரும்பு வாளியில் ஒட்டினால் வாளி மூச்சுவிடுவதுகூடக் கேட்கும். என் வேலை ஹோர்னோடு. மைக்கை அதன் வாய்க்கு நேரே கொண்டுபோனால் அலறும். இடையில் உள்ளங்கையை வைத்து, விலக்கி, சாய்த்து அந்த அலறலை அடக்கவேண்டும். ஒருநாள் வந்தது மறுநாள் வராது. "இந்தச் சத்தத்துக்கு ஜின்னும் ஊர விட்டு ஓடிரும்" என்பார் உம்மா. ஆனால் தேத்தண்ணி ஊற்றித் தரத் தவறமாட்டார்.

நிந்தவூர்ப் பக்கம் மூடிக்கிடந்த ஒரு நெல் ஆலையில், வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்த பின்னேரங்களில் கூட்டாளிமார் சிலரைக் கூப்பிட்டு வாசிப்போம். யாரும் பதியக்கூடாது என்பது மச்சான் போட்ட சட்டம். வாசலில் நின்று ஃபோன்களை வாங்கி வைப்பார். "பதிஞ்சா அது மய்யித்து. உசிரோட இரிக்கக்குள்ள கேளுங்க" என்பார். இன்னொரு வழக்கத்தை யாரும் போடவில்லை, அது தானாக வந்தது. எங்கள் கரையோரத்தில் பள்ளிகள் நெருக்கம். எங்காவது தொழுகைக்கு அழைக்கும் முதல் வாங்கு கேட்டவுடன் இருவர் கையும் வொலியூமைப் பூச்சியத்துக்குத் திருப்பிவிடும். கடைசிப் பள்ளி ஓயும்வரை பேசாமல் இருப்போம். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம்.

ஒரு மாரிகாலப் பின்னேரம் மழை ஆலையின் தகரக் கூரையைப் பிய்த்தெறிவதுபோல் கொட்டியது. அன்று ஹோர்ன் என் கைக்குப் பணிந்த மாதிரி என்றைக்கும் பணியவில்லை. அழுகிறதா, ஓதுகிறதா என்று எனக்கே தெரியாத ஒரு சத்தம் எழுந்து மழைக்கு மேலே நின்றது. முடிந்ததும் மச்சான் என் தோளைப் பிடித்துக்கொண்டார். அது பதியப்படாமல் காற்றோடு போய்விட்டது என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது. எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த ஒன்றாக அது இருக்கும் என்று நம்பினேன்.

பிறகு கொழும்பில் ஓர் ஓவியக் கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. எப்படி எங்களைத் தெரியும் என்று கேட்டதற்கு, "ஆரோ சொல்லியிரிப்பாங்க" என்றார் மச்சான். ராத்தா ஒருநாளும் எங்கள் வாசிப்பைக் கேட்டதில்லை. இந்த முறை பெருநாள் உடுப்பு உடுத்து, பிள்ளைகளோடு வந்து முன்வரிசையில் இருந்தார். மச்சானின் மேசையில் புதிதாக ஒரு லேப்டொப். "சும்மா, ஒரு காவலுக்கு" என்றார். என் மைக்கின் வயரும் அவருடைய மிக்ஸருக்கே போனது. வாசிக்கத் தொடங்கியபோது ஹோர்ன் என் கையைக் கேட்கவில்லை. இது ஏசிக் காற்று, உப்பில்லாத காற்று, அதுதான் முரண்டு பிடிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பாதியில் பக்கத்துப் பள்ளியில் அசர் வாங்கு கேட்டது. என் கை பழக்கத்தில் பூச்சியத்துக்குத் திருப்பியது. ஹோர்ன் நிற்கவில்லை. வயரைப் பிடுங்கினேன். அப்போதும் அது அலறிக்கொண்டே இருந்தது. அந்த அலறலை எனக்குத் தெரியும். அதற்கு அடியில் தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. வெளியே கொழும்பில் எரிக்கிற வெயில்.

மச்சானைப் பார்த்தேன். ஃபோன்களை வாங்கி வைத்த அதே கைகளால், ஒன்றுக்கும் உதவாத குமிழ்களைத் திருகிக்கொண்டிருந்தார். வாங்கு காதில் விழாததுபோல் குனிந்தே நின்றார். அந்தச் சத்தம் அழகாக இருந்தது. அதுதான் என்னைக் கூடுதலாக எரித்தது. மேசையைப் புரட்டிவிடலாம் என்று ஒரு கால் முன்னே வைத்தேன். முன்வரிசையில் ராத்தா வாயைப் பொத்திக்கொண்டு, கண் கலங்க அவரையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பிடுங்கிய வயரை உள்ளங்கைக்குள் மறைத்துக்கொண்டு, கண்ணை மூடி, செத்த மைக்கின் முன்னால் கடைசிவரை கையை அசைத்தேன்.

திரும்பி வரும் வேனில் ராத்தாவும் பிள்ளைகளும் தூங்கிய பிறகு அவரிடம் கேட்டேன். "அந்த மழையையும் பதிஞ்சீங்களா மச்சான்?"

"எல்லாத்தையும்தான். அதைக் கேட்டுத்தானே கூப்பிட்டாங்க. உன்ட சத்தந்தானே, வேற ஆர்ட சத்தத்தயும் போட்டனா? இண்டைக்கு உன்ட கை பிழைச்சிருந்தா? ஒரு மனிசனுக்கும் விளங்கல்ல."

எனக்கு விளங்கியதை அவர் கணக்கில் எடுக்கவே இல்லை. அதற்குப் பிறகு நான் அவரோடு வாசிக்கவில்லை. அவர் அந்த லேப்டொப்போடு தனியே வாசிக்கப் போய் வருகிறார், வெளிநாட்டுக்கும் போய் வந்துவிட்டார். என் கை இல்லாமல் என் சத்தம் ஊர் சுற்றுகிறது.

கல்யாணமாகி நான் காரைதீவுக்கு அப்பால் மனைவி வீட்டோடு போய்விட்டேன். என்றாலும் பெருநாளுக்கு ராத்தா வீட்டுக்குப் போகாமல் முடியாது. மச்சானும் நானும் ஒரே சஹன் தட்டில்தான் சோறு சாப்பிடுவோம். ராத்தா கறிச்சட்டியோடு பக்கத்தில் நின்று, வந்திருக்கும் விருந்தாளிகளுக்கு ஒவ்வொரு முறையும் அதையே சொல்கிறார்: "கொழும்புல இவன் வாசிச்சதக் கேட்டிரிக்கணும். கடைசியில கண்ண மூடிக்கிட்டுக் கைய ஆட்டினான் பாருங்க, அந்த இடத்தில நான் அழுதுட்டன். அதுக்குப் புறகு என்னத்துக்கு உட்டானோ தெரியா."

மச்சான் தலையை நிமிர்த்துவதில்லை. நல்ல இறைச்சித் துண்டாகப் பார்த்து விரலால் என் பக்கம் தள்ளிவிடுகிறார். ராத்தா பார்த்துக்கொண்டு நிற்கிறார். நான் எடுத்துச் சாப்பிடுகிறேன்.