அம்மா திருப்பி வாங்கிய ஜெபம்

அந்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் அம்மா இருந்தார், தங்கச்சி ஜெனி இருந்தாள், பாஸ்டர் இருந்தார், எங்கள் கனகராயன்குளத்துச் சபையார் எல்லோரும் இருந்தார்கள். நான் மட்டும் இல்லை. கொக்கிளாய்க் கடற்கரையில் மீன் குடல் வாங்கிக்கொண்டு நின்றேன். நான் இல்லாத நேரம் பார்த்து அம்மா எழுந்து ஜெபக் குறிப்புக் கொடுத்திருக்கிறார்: மகனுக்குப் பல்கலைக்கழக வேலை திரும்பக் கிடைக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து ஜெனி சொல்லக் கேட்டதும் எனக்குக் குமட்டிக்கொண்டு சத்தி வந்தது. மீன் நாற்றத்தால் அல்ல.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். மலையகத் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து வந்த அம்மா, மிளகாய்த் தோட்டங்களில் கூலிக்கு நின்று படிப்பித்தார். தூரத்து ஊரொன்றில் தற்காலிக விரிவுரையாளரானேன். ஒரு கம்பனி உரமாக விற்கும் திரவப் பசளையை மிளகாய்க் கன்றுகளுக்கு விட்டுப் பார்த்தேன். இலை கருகியது. செழித்தது என்று எழுதிக் கையெழுத்து வைத்தால் வேலை நிரந்தரமாகும் என்றார் துறைத் தலைவர். தேநீர் குடித்தபடியே சொன்னார். அதன்பின் அந்த அறையில் நான் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மாசியில் விலகி வந்து, மீன் குடலையும் சர்க்கரையையும் பீப்பாயில் புளிக்க வைத்து நானே பசளை செய்யத் தொடங்கினேன்.

அம்மா நம்பவில்லை. அவ்வளவு படித்தவர்கள் பொய் எழுதச் சொல்வார்களா என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டு, என் சாப்பாட்டைப் பீப்பாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார். சபை வாரந்தோறும் என் வேலைக்காக உபவாசம் இருந்தது. நீரிழிவு என்ற சீனி வருத்தம் உள்ள அம்மாவும் இருந்தார். ஒரு வெள்ளி மயங்கி விழுந்தார்.

அன்று உடைந்துபோனேன். அம்மாவுக்காகப் போய்க் கையெழுத்து வைத்துவிடுவேனோ என்று பயந்தேன். பீப்பாய் இருந்த கொட்டிலில் முழங்காலில் நின்றேன். ஆண்டவரே, சபை முழுக்க ஒன்றைக் கேட்கிறது, நான் தனியே மற்றதைக் கேட்கிறேன், அம்மாவுக்கு உண்மையைக் காட்டும் என்று அழுதேன்.

மறுநாள் துறைத் தலைவரே எனக்குப் போன் எடுத்தார். என் இரண்டு கையும் மீன் குடலுக்குள். ஜெனி ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்தாள். முதல்நாள் மயங்கியும் கூலிக்குப் போய்த் தோட்டத்தால் வந்த அம்மா கால் கழுவிக்கொண்டு நின்றார்.

"தம்பி, இடம் இன்னும் காலியாத்தான் கிடக்கு. கையெழுத்தை வைச்சிட்டு வாங்கோ."

கன்று கருகியதே சேர் என்றேன். சிரித்தார்.

"மிளகாய்க்காரருக்கு என்ன விளங்கப்போகுது? கருகினா வெயில் எண்டு நினைப்பினம்."

அம்மா ஈரக் கையோடு வந்து போனை வாங்கினார்.

"ஐயா, நாங்கதான் அந்த மொளகாக்காரங்க. எம் மகன் வரமாட்டான்."

அடுத்த வெள்ளி அம்மா சபையில் எழுந்து, தப்பான குறிப்புக் கொடுத்துவிட்டேன், எடுத்துவிடுங்கள் என்றார். கேட்ட ஜெபத்தைத் திருப்பி வாங்கேலுமோ அக்கா என்று ஒரு சகோதரர் முணுமுணுத்தார். பாஸ்டர் அவரைப் பேசாமல் இருக்கச் சொன்னார்.

இன்று ஒட்டுசுட்டான் வயல்காரர் என் பசளையைக் கேட்டு வாங்குகிறார்கள். அம்மாதான் பீப்பாய் கிண்டுகிறார், மூக்கைப் பொத்திக்கொண்டு. அந்த அறையை நினைத்தால் எனக்கு இன்னும் குமட்டும். ஆனால் ஆண்டவருக்கு நன்றி சொல்லாத நாளில்லை. பிரியமானவர்களே, உங்களை நேசிக்கிறவர்களே உங்களுக்கு எதிராக ஜெபித்தாலும் பயப்படாதீர்கள். உண்மையைச் சொல்லி அவரிடம் கேளுங்கள், ஒற்றைக் குரலும் அவருக்குக் கேட்கும்.

கடைசி மாதச் சம்பளத்தைப் பல்கலைக்கழகம் தரவேயில்லை. எழுபத்தெட்டாயிரம் ரூபாய். எங்களுக்குப் போனது அவ்வளவுதான்.