அதோக்கா

சீசன் வந்துவிட்டால் அந்தக் கடற்கரைக்கு ஒரு கொழுப்பு வந்துவிடும். எங்கிருந்தோ லாரியில் ராட்டினம் வந்து இறங்கும். வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் கலங்கரை விளக்கத்தைக் கூட்டிப் பெருக்கி, மேலே ஏற ஆட்களை விடுவார்கள். மற்ற மாதங்களில் நாய்கூடப் படுக்காத லாட்ஜ் வராந்தாவில் பெட்டிகள் அடுக்கியிருக்கும். ஆனால் வெளியூர்க்காரர்கள் முக்கியமாக வருவது டால்பின் பார்க்கத்தான். குளிர் மாதங்களில் மீன் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு அவை கரைக்குப் பக்கத்தில் வரும். வந்து பார்த்துவிட்டுப் போனவர்களுக்கு டால்பின் மறந்தாலும் அதோக்கா மறக்கமாட்டாள்.

படகின் மூக்கில் நின்றுகொண்டு “அதோ!” என்று கத்துவது அவள் வேலை. அதனால்தான் அந்தப் பெயர். படகு ஓட்டுவது அவளுடைய கொழுந்தன். பின்னால் நிற்கிறவன் சுக்கானையும் பக்கத்துப் படகுகளையும் பார்க்கவேண்டும். தண்ணீரைப் பார்ப்பது மூக்கில் நிற்பவரின் பொறுப்பு. அந்தக் கரையில் எல்லாப் படகுக்கும் இதுதான் ஏற்பாடு. மற்றவர்கள் வெறுமனே கையைக் காட்டுவார்கள். அதோக்கா காட்டினால் ஒரு கதையே இருக்கும். “தாயும் குட்டியும் போகுது பாருங்க, குட்டி சொல்பேச்சு கேக்கமாட்டேங்குது” என்பாள். வாந்தி எடுத்துக்கொண்டிருப்பவர்கூடத் தலையைத் தூக்கிப் பார்ப்பார்.

இப்படிக் கத்திக் கத்தியே தொண்டை தேய்ந்துவிட்டது. உப்புக் காற்றில் முகம் கருவாடாகிவிட்டது. ஒரு சுற்று முடிந்து கரைக்கு வந்தால் முழங்கால் வரை தண்ணீரில் இறங்கி, குண்டுப் பெண்களைக் கைகொடுத்து இறக்கி, அடுத்த கூட்டத்தை ஏற்றி, லைஃப் ஜாக்கெட்டுகளின் வாரை இழுத்துக் கட்டி, மறுபடியும் மூக்கில் போய் நிற்கவேண்டும். சாயங்காலம் கொழுந்தன் வீட்டுப் பின்னறையில் பாயை விரிக்கும்போதும் தரை ஆடுவதுபோலவே இருக்கும். சாப்பிடக்கூட அலுப்பாக இருக்கும்.

இதெல்லாம் பழகிப்போன அலுப்பு. பழகாத ஒன்று போன வருஷம் வந்தது. வலது கண்ணில் பால் படிந்ததுபோல் ஒரு மங்கல். இந்த சீசன் தொடங்குவதற்குள் இடது கண்ணும் அதன் கூடப் போய்ச் சேர்ந்துகொண்டது. யாருக்கும் தெரியாமல் கண் டாக்டரிடம் போனாள். புரை நன்றாக வளர்ந்துவிட்டது, இன்னும் முத்தவிட்டால் பார்வை திரும்புவதற்கு உத்தரவாதம் இல்லை, உடனே அறுத்துவிடலாம் என்றார் அவர். அறுத்தபின் கண்ணில் தண்ணீரும் காற்றும் படக்கூடாதாம். படகுக்காரிக்குச் சொல்கிற பத்தியமா அது?

அவள் பயம் வேறு. புருஷன் போனபின் அந்த வீட்டில் அவளுக்கு இருந்த உரிமை படகின் மூக்கில் நிற்கிற அந்த இடம்தான். கொழுந்தன் பெண்டாட்டி வாய்விட்டு எதுவும் சொன்னதில்லை. சொல்லாதவள்தானே, நாளைக்கு ஒரு கவளம் சோற்றைப் போடும்போது முகத்தைச் சுளித்தால் போதுமே. தண்டச்சோறு தின்பதைவிடக் குருட்டுக் கண்ணோடு நிற்பது மேல் என்று நினைத்தாள். நின்றாள்.

எப்படி நின்றாள் என்றால், காதால் நின்றாள். டால்பின் பக்கத்தில் வந்தால் கொழுந்தன் இன்ஜினைக் குறைப்பான், படகை அந்தப் பக்கம் லேசாகத் திருப்புவான். சத்தம் இறங்கியதும் மூக்கு திரும்புகிற பக்கம் கையை நீட்டி “அதோ!” என்பாள். சனங்களும் கைதட்டும். தான் கண்டுபிடித்த தந்திரம் என்று அவளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

அன்றைக்கு நடுப்பகல் சுற்று. இன்ஜின் சத்தம் இறங்கியது, படகு இடதுபக்கம் திரும்பியது. அதோக்கா கையை நீட்டினாள்.

“அதோ! ரெண்டு! ஜோடியா வருது பாருங்க, புதுசாக் கல்யாணம் ஆனதுங்க!”

எல்லோரும் எழுந்து நின்றார்கள். கைதட்டல் வரவில்லை. அவள் நீட்டிய கையை இறக்காமல் நின்றாள். எப்போது இறக்கவேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

“அது கேன்மா,” என்றார் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர். “வலையில கட்டி வுட்டிருக்காங்க, ரெண்டு கறுப்புக் கேன்.”

படகு முழுக்கச் சிரித்தது. யாரோ வலை விரித்திருந்தார்கள். அது இன்ஜின் விசிறியில் சிக்காமல் இருக்கத்தான் கொழுந்தன் இன்ஜினைக் குறைத்து ஒதுங்கியிருக்கிறான். அதோக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கரை வரும்வரை திரும்பிப் பார்க்காமல் நின்றாள். வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது.

கூட்டம் இறங்கிப் போனதும் ஜாக்கெட்டுகளை அலசுகிற சாக்கில் கொழுந்தன் பக்கத்தில் வந்தான். ஏதாவது கேட்கப்போகிறானோ என்று அவள் குனிந்தபடியே இருந்தாள். அவன் கேட்கவில்லை, சொன்னான். போன வருஷமே தெரியுமாம். ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டில் ஈ மொய்த்ததை அவள் கவனிக்காமல் பிசைந்தபோதே புரிந்துவிட்டதாம். அதிலிருந்து டால்பினையும் அவனே தேடி, அவளுக்குத் தெரிகிற மாதிரி படகையும் அந்தப் பக்கம் திருப்பிக் காட்டிக்கொண்டிருக்கிறான்.

“இன்னிக்கு என் தப்புதான் அண்ணி. வலைன்னு ஒரு குரல் குடுத்திருக்கணும். நீங்க கவலைப்படாதீங்க. சீசன் முடியட்டும், கண்ணைக் காட்டிடலாம்.”

நல்ல மனசோடுதான் சொன்னான். ஆனால் அந்த வார்த்தை அவள் நெஞ்சில் நறுக்கென்று தைத்தது. அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் அதுதான் பதில். கூரை ஒழுகினால் சீசன் முடியட்டும். பல் வலித்தால் சீசன் முடியட்டும். அவள் புருஷன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அவள் அழுதாள். அவரும் அதையேதான் சொன்னார். சீசன் ஓய்கிற சமயத்தில், கடைசிச் சுற்றுகளில் ஒன்றில், சுக்கானைப் பிடித்தபடியே சாய்ந்தார். தம்பிதான் படகைக் கரைக்குக் கொண்டுவந்தான்.

“நம்ம வீட்ல சீசன் முடியறதுக்கு முன்னாடி ஆளு முடிஞ்சிடுறாங்க தம்பி,” என்றாள் அதோக்கா. “நான் நாளைக்கே போறேன். இனிமே அதோன்னு நீயே கத்திக்கோ.”

அவன் ஜாக்கெட்டைப் பிழிகிற சத்தம் மட்டும் கேட்டது. கோபமா, வருத்தமா என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள அவளுக்குக் கண்ணும் இல்லை. மிச்சச் சுற்றுகளையும் நின்று முடித்தாள். ராத்திரி, கண்ணை அறுத்துக்கொண்டு திரும்பி வரும்போது இந்தப் பின்னறை தனக்கு இருக்குமோ இருக்காதோ என்று நினைத்தபடியே ஒரு பையில் சேலைகளைத் திணித்தாள். பயமாகத்தான் இருந்தது.

விடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு சுவரைத் தடவித் தடவி வாசலுக்கு வந்தாள். கரைப்பக்கம் மற்றப் படகுகளின் இன்ஜின்கள் உறும ஆரம்பித்திருந்தன. அவர்கள் படகு இருக்கிற இடத்தில் ஏதோ நீலமாகத் தெரிந்தது. மழைக்காலத்தில் மூடுகிற தார்ப்பாய். சரியாகத்தான் பார்க்கிறோமா என்று கண்ணைக் கசக்கிக்கொண்டாள். யாரோ வந்து கையிலிருந்த பையை வாங்கினார்கள். செருப்புச் சத்தம் கேட்டது. கடலுக்குப் போகிறவன் செருப்புப் போடமாட்டான்.

“நல்ல சீசன்ல படகைக் கட்டிப் போட்டிருக்கியே, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?” என்றாள்.

“அண்ணனுக்கே கட்டிப் போட்டிருக்கணும் அண்ணி,” என்றான் அவன். “படி இருக்கு, கையைப் பிடிச்சுக்கோங்க.”