ரெண்டு படகு

கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை பயிரிடும் குடும்பத்தில் பிறந்த அருணாதேவி, திருவண்ணாமலையில் பள்ளி ஆசிரியை. 1991இல் தேர்வெழுதி, வீட்டிலிருந்தே வெளிநாடுவரை பேச உதவும் ஹாம் ரேடியோவுக்கு உரிமம் வாங்கினார். கணவர் பரசுராமன் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். அவரிடமும் உரிமம் இருந்தது. கப்பல் எந்தக் கடலில் போனாலும், கேப்டனின் அனுமதியோடு மாலை ஐந்து மணிக்கு சிற்றலையில் மனைவியைக் கூப்பிடுவார். ஐந்தரை வரை காத்திருப்பார்.

2008 ஐப்பசியில் அவருடைய கப்பல் ஏடன் வளைகுடாவைக் கடக்க வேண்டியிருந்தது. கொள்ளையர்கள் கப்பல்களைப் பிடித்துக்கொண்டு போவதாக தினமும் செய்தி வந்துகொண்டிருந்த நேரம்.

"எங்க இருக்கேன்னு ரேடியோல சொல்ல மாட்டேன். என் குரல் கேட்டா நல்லா இருக்கேன்னு வெச்சிக்கோ" என்று அவர் சொல்லியிருந்தார்.

கப்பல் அந்தக் கடலில் நுழைந்த அன்று அருணாதேவி ரேடியோவைப் போட்டதும் படபடவென்று ஒரே இரைச்சல். சோளம் பொரிவதுபோல, விடாமல். குமிழை எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே சத்தம். அன்று கணவரின் குரல் கேட்கவே இல்லை. கப்பல் கம்பெனிக்கு போன் செய்தார். "கப்பல் போயிக்கிட்டுதாம்மா இருக்கு" என்றார்கள். அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கரண்ட் போனது. அவருடைய ரேடியோ கார் பேட்டரியில் ஓடுவது. கரண்ட் போன நொடியில் இரைச்சல் நின்றது. எட்டு மணிக்குக் கரண்ட் வந்ததும் அதுவும் வந்துவிட்டது. தெருவில் யாரோ மின்கம்பியில் எதையோ மாட்டியிருக்கிறார்கள் என்று அவருக்குப் புரிந்தது. அதற்குள் பள்ளிக்கு நேரமாகிவிட்டது.

மாலை ஐந்துக்கு இயர்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்தார். இரைச்சலுக்கு அடியில் ஒரு குரல். கணவர்தான்.

"அருணா... ரெண்டு படகு..."

அவ்வளவுதான். மீண்டும் இரைச்சல் மூடிக்கொண்டது. எவ்வளவு கூப்பிட்டும் பதில் புரியவில்லை. மைக்கை வைத்துவிட்டு எழுந்தார்.

சிறிய டிரான்சிஸ்டரை எடுத்து, அதே அலைவரிசையில் வைத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினார். பௌர்ணமி ஆகையால் கிரிவலக் கூட்டம் நெருக்கியது. ஒவ்வொரு வீட்டு மீட்டர் பெட்டியின் கீழும் டிரான்சிஸ்டரைக் காட்டிப் பார்த்தார். நாலாவது கட்டிடமான லாட்ஜின் வாசலில் அது காது கிழியக் கத்தியது.

லாட்ஜ்காரர் ராஜமாணிக்கம் மேஜையில் இருந்தார்.

"அண்ணே, புதுசா கரண்ட்ல எதனா மாட்டனீங்களா?"

"ஆமா டீச்சர். ரூமுக்கு ரூம் ஒரு டப்பா. பிளக்குல சொருவனா கரண்ட் ஒயர்லயே இன்டர்நெட் வருது. வெளிநாட்டுக்காரங்க கேக்கறாங்க. ஏன்?"

"அதான் என் ரேடியோவ அடைக்குது. மெயின கொஞ்சம் அமத்துங்கண்ணே."

"இன்னிக்கி எல்லா ரூமும் ஃபுல்லு. எப்பிடி அமத்தறது?"

"எங்க வீட்டுக்காரர் கப்பல்ல இருக்கார். கொள்ளக்காரங்க படகு வந்துட்டுதுன்னு நெனைக்கறேன். பாதியில குரல் போயிட்டுது."

ராஜமாணிக்கம் அவர் முகத்தைப் பார்த்தார். செருப்பில்லாமல் நிற்கும் காலையும் பார்த்தார். எழுந்து போய் மெயினைக் கீழே தள்ளினார். மாடியில் யாரோ கத்தினார்கள்.

"நீங்க போங்க. நான் சொல்லிக்கறேன்."

அருணாதேவி வீட்டுக்கு ஓடினார். ஐந்து இருபத்தைந்து. ரேடியோவில் துளி இரைச்சல் இல்லை. கணவரை அழைத்தார். பதில் இல்லை. திரும்ப அழைத்தார். மெல்லிய காற்றுச் சத்தம் மட்டும். இரைச்சல் இருந்தபோது அதைக் குறை சொல்லலாம்; இப்போது குறை சொல்ல எதுவும் இல்லை. ஐந்தரை தாண்டியது. ஐந்து முப்பத்திரண்டு.

"அருணா, கேக்குதா? ஓவர்."

"கேக்குதுங்க. படகு இன்னா ஆச்சி?"

"மத்தியானம் பின்னாடியே வந்துது. நாங்க வளைச்சி வளைச்சி ஓட்டனோம். நேவி ஹெலிகாப்டர் வந்ததும் திரும்பிட்டாங்க. எல்லாரும் நல்லா இருக்கோம். நீ எங்க போயிட்ட? அஞ்சிலேர்ந்து கூப்புட்டேன், ஒரே பயமா போச்சி. நடுவுல கேப்டன் கூப்புட்டாருன்னு போயிட்டு இப்பதான் வந்தேன்."

அவர் அழுதுகொண்டே சிரித்தார்.

அடுத்த நாளிலிருந்து ராஜமாணிக்கம் ஐந்து மணிக்கு டப்பாக்களைப் பிடுங்கி வைத்தார். பொங்கலுக்குள் தனிக் கேபிள் இழுத்து, அவற்றை விற்றவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். பரசுராமன் தையில் வீடு வந்து, வைகாசியில் மறுபடியும் கப்பல் ஏறினார். அருணாதேவி தடுக்கவில்லை. ஆனால் பிறகு பல மாதங்கள், ஐந்து மணிக்கு முன்பே ரேடியோவைப் போட்டுவிட்டு, குரல் வரும்வரை நின்றுகொண்டே இருப்பார்.